ஆர்டர் போடுபவர் வேறு, சாப்பிடுபவர் வேறு

1

நான் ஜெர்மனியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் ஊர் கூனிமேட்டில் யாராவது கேட்டால், அத்தா ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். “கம்ப்யூட்டருக்குக் கதை எழுதுது எம்பொண்ணு.” கேலியாகச் சொல்வதுதான், ஆனாலும் பெரிய தப்பில்லை.

இந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர நகரம். அதில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. எங்கள் நகரத்துச் சிறு உணவகங்கள் சில ஒன்றுசேர்ந்து, தங்களுக்கென்று ஒரு ஆன்லைன் சாப்பாட்டு ஆர்டர் முறை செய்து தரச் சொல்லியிருக்கின்றன. புரோகிராம் எழுதுகிறவர்கள் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னால், என்னென்ன நடக்கலாம் என்று ஒருவர் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு யூஸ் கேஸ் என்று பெயர். எழுதுவது நான்.

வாடிக்கையாளர் உணவைத் தேர்ந்தெடுக்கிறார். கூடையில் போடுகிறார். முகவரி கொடுக்கிறார். பணம் கட்டுகிறார். சமையலறைக்குத் தகவல் போகிறது. இது எல்லாம் நல்லபடியாக நடந்தால். கார்டு வேலை செய்யாவிட்டால்? ஆர்டர் போட்ட பிறகு கோழி தீர்ந்துபோனால்? முகவரியில் மாடி எண் இல்லாவிட்டால்? ஒவ்வொரு ‘விட்டால்’ இடத்திலும் கதை ஒரு கிளை பிரியும். அந்தக் கிளைகள்தான் என் பிழைப்பு.

இதில் செயல்படும் ஆளுக்கு எங்கள் தொழிலில் ஆக்டர் என்று பெயர். அத்தாவிடம் இதை ஒருமுறை விளக்கினேன். “ஹீரோ யாரு? சாப்புடுறவனா, சமைக்கிறவனா?” என்று கேட்டார். ஆர்டர் போடுகிறவர்தான் என்றேன். “போடுறவனும் சாப்புடுறவனும் ஒரே ஆளாத்தான் இருக்கணுமா?” என்றார். அப்படித்தான் நாங்கள் எழுதியிருந்தோம்.

2

இந்த ஊர் மொழியில் ஒரு விஷமம் உண்டு. சாப்பாட்டு வகைக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரே சொல். கெரிஷ்ட். வந்த புதிதில் ஒரு பெரிய கல் கட்டடத்தின் வாசலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, “கவர்ன்மென்ட் கேன்டீனுக்கு எவ்வளவு பெரிய பில்டிங் பாருங்க” என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நடைபாதையில் நின்று சிரித்தார். அந்தக் காலத்தில் நாங்கள் சேர்ந்து சிரிப்போம்.

பல வருடம் கழித்து, நாங்கள் பிரிந்தபோது, குடும்ப நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. உறையின் மேல் இருந்த சொல்லைக் களைப்பில் ‘குடும்பச் சாப்பாடு’ என்று படித்துவிட்டேன். ஒரு நொடிதான். அப்போது எங்கள் மகள் ஆஃபியாவுக்கு எட்டு வயது. “ஏம்மா சிரிக்கிறே?” என்று தமிழில் கேட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினாறு. நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். ஒரு வாரம் என்னோடு, ஒரு வாரம் அவள் அத்தாவோடு. அவள் இல்லாத வாரங்களில் நான் வீட்டில் வாய் திறந்து பேசுவது குறைவு. வேலையில் நாள் முழுக்க மற்றவர்கள் சாப்பிடப்போவதை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடி எதையாவது விழுங்குவேன். உட்கார்ந்து சாப்பிட இரண்டாவது ஆள் வேண்டியிருக்கிறது என்பது தனியாக ஆன பிறகுதான் தெரிந்தது.

3

அம்மா மவுத்தான பிறகு அத்தா தனியானார். நான் ஒரே பிள்ளை. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், ஆட்கள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அத்தாவும் ஒரு காலத்தில் அப்படிப் போனவர்தான். ஜித்தாவில் இருபது வருடம் லாரி ஓட்டினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லீவில் வரும் விருந்தாளி மாதிரிதான் அவரைத் தெரியும். அவர் ஊரோடு வந்து சேர்ந்தார், நான் புறப்பட்டுவிட்டேன்.

அவருக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் சமைக்கவில்லை. பன்னும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மரக்காணத்தில் ஒரு ஹோட்டல், ஆன்லைனில் ஆர்டர் எடுத்து ஈ.சி.ஆர். ஊர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்திருப்பதாகத் தெரியவந்தது. நான் குதித்தெழுந்து பதிவு செய்யப் போனால், வெளிநாட்டு போன் நம்பரை அந்த ஆப் ஏற்கவில்லை. ஆர்டர் போடுபவர் கூனிமேட்டிலும் சாப்பிடுபவர் கூனிமேட்டிலும் இருப்பார் என்று என்னைப் போல யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் அத்தாவின் நம்பரையே கொடுத்தேன். விளைவு, நான் ஒவ்வொரு முறை ஆர்டர் போடும்போதும் அவர் போனுக்கு ஓ.டி.பி. போகும், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டுவார்.

“ஒரு சோத்துக்கு இத்தன கேள்வியா? ஜித்தா ஏர்போர்ட்ல கூட இவ்வளவு கேக்கல.”

சாப்பாடு கொண்டுவந்தது செல்வி. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவள், முப்பது வயது இருக்கும். மழைக்காலத்தில் பாத்திகள் தண்ணீரில் முழுகிவிடும், உப்பு வேலை இருக்காது. அந்த மாதங்களில் ஹோட்டலுக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். உப்பளத்தில் போடுவது போலவே புடவைமேல் ஒரு ஆம்பளைச் சட்டை. ஒருநாள் அத்தா வாசலில் வைத்து அவளிடம் போனைக் கொடுத்தார். அதிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு. “அக்கா, பாய் இன்னிக்கு மீன் வேணாம்னுட்டாரு, நாளைக்கு சாம்பார் போடுங்க” என்று மெசேஜ் அனுப்புவாள்.

இங்கே காலை எட்டரை மணி வாக்கில், நான் ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போது, என் போனில் ஒரு பச்சைக் குறி வரும். சாப்பாடு சேர்ந்துவிட்டது. அந்தக் குறியைப் பார்த்தால் மனப்பாரம் இறங்கும். ஆரம்பத்தில் குறி வந்ததும் போன் போட்டு, “சாப்ட்டீங்களாத்தா?” என்று கேட்பேன். போகப் போக, குறி வந்ததே போதும் என்று ஆகிவிட்டது.

4

அம்மா மவுத்தாகி வருஷம் திரும்பி, ஃபாத்திஹா ஓதிய மறு வாரம் அது. அங்கே இரண்டு நாளாக விடாத மழை. இங்கே எங்களுக்கு மீட்டிங். பிறந்தநாள் தள்ளுபடியையும் முதல் ஆர்டர் தள்ளுபடியையும் ஒரே ஆள் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்பது பிரச்சினை. அதைப் பற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்மையாகவே கவலைப்பட்டோம். என் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

காபி எடுக்க வெளியே வந்து பார்த்தபோது, செல்வியிடமிருந்து தவறிய அழைப்புகள், இரண்டு குரல் பதிவு. முதல் பதிவில் மழை இரைச்சல்தான் பாதி.

“அக்கா, செல்வி பேசுறேன். பாய் கதவத் தொறக்கல. அவரு நம்பருக்குப் போட்டேன், உள்ள அடிக்கிற சத்தம் கேக்குது, எடுக்க மாட்டேங்குறாரு. காலைல போட்ட பால் பாக்கெட்டு இன்னும் கேட்டுலயே தொங்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுக்கா. இன்னிக்கு நீங்க பேசுனீங்களா?”

நான் பேசவில்லை. முந்தின நாளும் பேசவில்லை.

இரண்டாவதில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். “அக்கா, செவுரு ஏறிக் குதிச்சு உள்ள வந்துட்டேன். பாய் பாத்ரூமாண்ட வழுக்கி விழுந்து கெடக்குறாரு. கால அசைக்க முடியல. பேசுறாரு, பயப்படாதீங்க. நூத்தியெட்டுக்குப் போட்டுட்டேன்.”

அவளைக் கூப்பிட்டபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்திருந்தார்கள். ஏன் காலையிலேயே யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன். மழை என்பதால் விடியற்காலை ஃபஜ்ரு தொழுகைக்கு வரவில்லை போல என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

செல்வியின் ஆப்பில், கதவு திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போய்விட வேண்டும். வாடிக்கையாளர் பதில் இல்லை. அவ்வளவுதான். “திண்டிவனம் ரோட்டுல ஒரு பிரியாணி ஆர்டரு வெயிட்டிங்ல இருந்துச்சுக்கா. ஆர்டர் போட்டவரு கத்து கத்துன்னு கத்துனாரு” என்று பிறகு சொன்னாள். பட்டனை அவள் அமுக்கவே இல்லை. அதனால் அன்று சாயங்காலம் வரைக்கும் என் போனில் சின்ன ஸ்கூட்டர் படம் எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது. ‘உங்கள் உணவு வந்துகொண்டிருக்கிறது.’

5

உடனே கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை.

என் தங்கும் அனுமதி காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்த நேரம். அது வரும்வரை இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள். அதன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘கற்பனைச் சான்றிதழ்’. நமக்கு அனுமதி இருப்பதாக அரசாங்கம் கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கற்பனை கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அதை வாங்க இணையத்தில் நேரம் பதிய வேண்டும். அடுத்த காலி நேரம் ஜனவரியில் இருந்தது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் போய் நின்றேன். ஆஃபியா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, நான் கேட்காமலேயே கூட வந்தாள். காவலாளி, நேரம் பதியாமல் உள்ளே விட முடியாது என்றார். நான் இந்த மொழியில் பக்கம் பக்கமாக எழுதிச் சம்பாதிக்கிறவள். அன்று சரியான வார்த்தை வாய்க்கு வரவில்லை. “என் தகப்பனார் விழுந்துவிட்டார்” என்று சொன்னேன். காவலாளியின் முகம் மாறியது. தொப்பியைத் தொட்டு, “என் அனுதாபங்கள்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆஃபியா என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். நான் சொன்ன சொல்லை இங்கே போர்க்களத்தில் செத்தவர்களுக்குச் சொல்வார்கள். அவள் சரியான சொல்லைப் போட்டு, நிதானமாக, தாத்தா குளியலறை அருகே வழுக்கி விழுந்ததையும் இடுப்பு எலும்பு முறிந்ததையும் சொன்னாள். எவ்வளவு நல்ல ஜெர்மன் அது! இந்த ஊரில் பிறந்தவர்களின் ஜெர்மன். எனக்காக அவள் பேசிக்கொண்டிருக்க, நான் அவளுக்குப் பின்னால் ஏதும் தெரியாதவள் போல நின்றேன். பெருமையாக இருந்தது. பிள்ளை என்னைவிட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். மருத்துவமனைத் தாள் ஆங்கிலத்திலாவது இருந்தால் அடுத்த வாரம் பார்ப்பார்களாம். செல்வியிடம் சொன்னேன். அவள் ஸ்கூட்டரில், அத்தாவைச் சேர்த்திருந்த பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரைப் பிடித்து எழுதி வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பினாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் தெரிந்தது.

ஆபரேஷன் நான் இல்லாமல் நடந்தது. முந்தின நாள் வீடியோவில் அத்தா, “நீ அங்கயே இரு. வந்து என்னா பண்ணப் போற? டாக்டரா நீ?” என்றார். பிறகு ஆஃபியாவைக் கேட்டார். அவள் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். “தாத்தா, வலி?” என்றாள். இரண்டு சொல். அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. “இல்ல கண்ணு” என்றார் அவர். அதற்குமேல் அவருக்கும் வரவில்லை.

கற்பனைச் சான்றிதழ் கிடைத்ததும் இரண்டு டிக்கெட் பார்த்தேன். “ஒன்று போதும், அம்மா” என்றாள் ஆஃபியா, ஜெர்மனில். “அங்கே நான் யாரோடு பேசுவேன்?” கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

6

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாலு கால் வைத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து கூடம் வரைக்கும் நடந்துகாட்டினார். பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமி இரவுச் சாப்பாடு தருகிறார். மதியத்துக்கு அதே ஹோட்டல்தான். நான் இருந்த மூன்று வாரமும் நானே சமைத்தேன், அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

செல்வி ஒரு மத்தியானம் வந்தாள். அவளுக்கென்று இங்கிருந்து நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிப் போயிருந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். “சூப்பரா இருக்குதுக்கா. ஆனா நம்மூருக்கு இத போட்டா உள்ள வேர்த்து ஊத்திடும். மழையிலயே நனைஞ்சுக்கலாம்.” அத்தா சிரித்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ஏன் சுவர் ஏறினாய் என்று கேட்டேன். அவள் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. “தெனம் பாக்குற மூஞ்சிக்கா. ஒருநாள் காணோம்னா எப்படி உட்டுட்டுப் போறது?”

அவள் போன பிறகு அத்தா தானாகவே அந்த நாளைப் பற்றிப் பேசினார். அதுவரை பேசியதில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

“ஃபஜ்ருக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனேன். விழுந்தது தெரியும். பாங்கு சொல்றது கேட்டுது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, மழ சத்தம்தான். கொஞ்ச நேரம் கத்திப் பாத்தேன். பக்கத்து வூடு பூட்டி வருஷமாவுது, யாருக்குக் கேக்கும்? குளுரு. கண்ணு சொருவ ஆரம்பிச்சுது. சரி, உங்கம்மா கபருக்குப் பக்கத்துல எடம் இருக்குது, போயிடலாம்னு நெனச்சேன். அப்பத்தான் உள்ள போன் அடிச்சுது. நின்னுது. மறுபடி அடிச்சுது. புள்ள கூப்புடுதுன்னு நெனச்சேன். எடுக்கலன்னா விட மாட்டா, யாரையாச்சும் அனுப்புவா. அதுவரைக்கும் தூங்கக் கூடாதுன்னு கண்ணத் தொறந்துகிட்டே கெடந்தேன்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது சும்மா இருக்கத்தான் தோன்றியது. ஆனால் அது செல்விக்குச் சேர வேண்டியது.

“அத்தா, அது நான் இல்ல. செல்வி வாசல்ல நின்னுகிட்டுப் போட்ட போன்.”

கண்ணைத் திறந்தார். “அப்படியா?”

“நான் அன்னிக்குப் போனே பண்ணல.”

அவர் என் கையைத் தட்டினார். “சரி வுடு. யாரு போட்டிருந்தா என்னா? நான் உன்ன நெனச்சுத்தான் முழிச்சுகிட்டு இருந்தேன்.”

என்னோடு வந்துவிடச் சொன்னேன். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் விசாவுக்குப் பார்க்கிறேன் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “ஜித்தால இருபது வருஷம் தனியா உக்காந்து சாப்ட்டேம்மா. இன்னொரு ஊருக்குப் போயி தனியா சாப்புட எனக்குத் தெம்பு இல்ல.”

“நான் இருக்கேனே அங்க?”

“நீ காலைல போனா சாயங்காலம் இருட்டிதான் வருவ. எனக்குத் தெரியாதா அந்தப் பொழப்பு?”

7

திரும்பி வந்து பார்த்தால் என் மேசையில் அடுத்த வேலை காத்திருந்தது. ‘வாடிக்கையாளர் கதவைத் திறக்கவில்லை.’ உணவைக் கொண்டுவருபவர் மணி அடிக்கிறார். போன் செய்கிறார். பொறுத்துப் பார்க்கிறார். ஆர்டரை முடித்துவிட்டுப் போகிறார். கட்டணம் திருப்பித் தரப்படாது. கை தானாக எழுதியது. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ஏதாவது சரியில்லை என்று தோன்றினால், அக்கம்பக்கத்தில் கேட்கிறார், உதவிக்கு அழைக்கிறார்.

என் குழுத் தலைவர் டோபியாஸ் நல்ல மனிதர். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சரியில்லை என்று தோன்றினால் என்பதை நாம் எப்படி புரோகிராம் பண்ணுவது? தோன்றாமல் போனால் பொறுப்பு யாருடையது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வரியை நானே நீக்கினேன். அதற்குப் பதில், ஆர்டர் போடுபவரும் சாப்பிடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம், இரண்டு பேர் நம்பரும் வேண்டும், வெளிநாட்டு நம்பராக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மழை முடிந்தது. செல்வி உப்பளத்துக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. பச்சைக் குறி வருகிறது. வந்ததும் நான் மீட்டிங்கானாலும் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்து ஜன்னலருகே நின்று, ஊருக்கு போன் போடுகிறேன்.

வாக்கரோடு கூடத்துக்கு வர அவருக்கு நேரம் பிடிக்கிறது. போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்பதில்லை. டிவி மேல்தான் வைப்பார். “எடுக்க லேட்டாவும். நீ வெச்சுடாத” என்று சொல்லியிருக்கிறார்.

இன்று காலையும் அப்படித்தான் நின்றேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மணி போய்ப் போய் நின்றது. மறுபடி போட்டேன். அந்தப் பக்கமாக வந்த டோபியாஸ், போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிற என்னைப் பார்த்து நின்றார்.

“பதில் இல்லையா?” என்றார்.

“நடந்து வந்துகொண்டிருக்கிறார்” என்றேன்.